நரக வரிக்குத் தப்பிய கவிஞர்

ஸ்காட்லாந்து நாட்டின் தெற்கே எர்ல்ஸ்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 13-ம் நூற்றாண்டில் அங்கே தாமஸ் என்ற கவிஞர் வாழ்ந்தார். அவரைப் பற்றி அந்த வட்டாரத்து மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது.

ஒரு நாள் தாமஸ் ஈல்டன் குன்றின் பக்கம் ஒரு மரத்தடியில் படுத்திருந்தார். பச்சைப் பட்டு உடுத்திய ஒரு பெண் குதிரைமீது வந்தாள். குதிரையின் பிடரியில் வெள்ளி மணிகள் கலகலத்தன. தேவமாதாதான் வந்துவிட்டார் என்று எண்ணி, தாமஸ் வணங்கினார்.

வந்தவள் தேவமாதா அல்ல, மாயலோகத்து ராணி! அவரை அவள் குதிரையில் ஏற்றிக்கொண்டு போனாள். ஏழு ஆண்டுகள் அவர் அங்கே இருந்தார்.

பிறகு ஏன் திருப்பி அனுப்பினாள்? அதுதான் வேடிக்கை.

ஸ்காட்லாந்தில் 12-ம் நூற்றாண்டிலேயே முதலாம் டேவிட் மன்னர் தசமபாகத்தைக் கட்டாயமாக்கிவிட்டார். பத்துக் கதிர்க்கட்டு விளைந்தால் ஒன்று மாதாகோவிலுக்கு. ஆட்டுக்குட்டியிலும் கம்பளியிலும்கூடப் பங்கு உண்டு. கோவில் பங்கைப் பிரித்து எடுக்கும்வரை மற்ற ஒன்பது கட்டையும் வயலைவிட்டு எடுக்கக் கூடாது. மழை வந்து கதிர் நனைந்தாலும் விவசாயி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்!

மண்ணுலகில் இப்படி என்றால், மாயலோகத்தில் மட்டும் வரி இராதா? ஏழு ஆண்டுக்கு ஒரு முறை மாயலோகத்தார் நரகத்துக்குத் தசமபாகம் செலுத்த வேண்டும் என்று மக்கள் நம்பினார்கள். கதிர்க்கட்டு அல்ல, ஆள்! 1588-ல் சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்ட அலிசன் பியர்சன் என்ற பெண்ணும் விசாரணையில் இந்த நரகப் பங்கைப் பற்றிச் சொன்னாள். பாவம், அவளைக் கொன்றுவிட்டார்கள்.

நரகத்துத் தண்டல்காரன் மறுநாள் வருகிறான். தாமஸோ வாட்டசாட்டமான ஆள். கண்ணில் பட்டால் விடுவானா? ராணிக்கு மனம் பொறுக்கவில்லை. அவசரம் அவசரமாக அவரை ஊருக்கு அனுப்பிவிட்டாள்.

பிரியும்போது ஒரு பரிசும் தந்தாள். பொய் பேசாத நாக்கு! தாமஸ் வேண்டாம் என்று மன்றாடினாராம். பொய் இல்லாமல் சந்தையில் எப்படி வாங்குவது, எப்படி விற்பது?

1286-ம் ஆண்டு மார்ச் மாதம் டன்பார் கோட்டையில் தாமஸ் ஒரு வாக்குச் சொன்னார். மறுநாள் நண்பகலுக்குள் நாடு காணாத பெரும் புயல் அடிக்கும் என்றார். மறுநாள் இலைகூட அசையவில்லை. கோட்டைப் பிரபு கேலி செய்தார். அந்த நேரத்தில் தூதன் ஓடி வந்தான். மூன்றாம் அலெக்சாண்டர் மன்னர் இரவில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துவிட்டார்! வாரிசாக இருந்த பேத்தியும் 1290-ல் இறந்தாள். நாடு போரில் மூழ்கியது.

கடைசியில் ஒரு நாள், ஒரு ஆண்மானும் ஒரு பெண்மானும் பயமில்லாமல் ஊர்த்தெருவில் நடந்து வந்தன. தமக்கு அழைப்பு வந்துவிட்டது என்று தாமஸ் எழுந்தார். மான்களின் பின்னால் காட்டுக்குள் போனவர் திரும்பவே இல்லை.

இத்தனையும் கதைதான். ஆனால் தாமஸ் கற்பனை மனிதர் அல்ல. அவர் மகன் எழுதிய பத்திரம் ஒன்று உண்டு. மகன் பெயரும் தாமஸ். தகப்பன் வழி வந்த நிலத்தை அவர் சோல்ட்ரா என்ற இடத்தில் இருந்த மடத்துக்கு எழுதிக் கொடுத்தார். பத்தில் ஒரு பங்கை அல்ல, நிலத்தையே கொடுத்துவிட்டார்!