நடுக்கத்தைப் படித்த மருத்துவர்

பாரிசு நகரில் 1825-ஆம் ஆண்டு, வண்டி செய்யும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் ழான் மார்ட்டின் சார்க்கோ. 1862-இல் அவர் பொறுப்பேற்ற சால்பெத்ரியேர் மருத்துவமனையில், தீராநோய் கொண்ட ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர்.

அவர் வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் கைநடுக்கம். சும்மா இருக்கையில் கை அடங்கியிருக்கும். தட்டை எடுக்கப் போனால் நடுங்கும். உடைந்த தட்டுகள் ஏராளம் என்பர். நாமாக இருந்தால் மறுநாளே கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்போம்! சார்க்கோ அனுப்பவில்லை. நோய் முற்றியதும் தம் மருத்துவமனையிலேயே சேர்த்துக்கொண்டார். அவள் இறந்தபின் ஆய்ந்தபோது, நரம்பு மண்டலத்தில் திட்டுத் திட்டாய்த் தழும்புகள்.

அத்தழும்புகளை முன்னரே சிலர் வரைந்து காட்டியிருந்தனர். ஆனால் உயிருடன் இருப்பவரிடமே நோயை இனங்காணும் வழியை 1868-இல் தெளிவாக விளக்கியவர் சார்க்கோவே. கருவிழி ஆட்டம், செயலின்போது நடுக்கம், விட்டுவிட்டு வரும் பேச்சு ஆகியவை அவர் கண்ட குறிகள். பார்க்கின்சன் நோயினின்று வேறான அதுவே இன்றைய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.

பிற்காலத்தில், ஹிஸ்டீரியா கண்ட பெண்களை அறிதுயிலில் ஆழ்த்திக் கூட்டத்தின்முன் காட்சியாக்கினார். அதை நம் மனம் ஏற்கவில்லை.

தழும்பு நோய்க்கு அவர் முயன்ற மருந்துகள் எவையும் பலிக்கவில்லை. 1893-இல் மறைந்தார். அந்நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் முதல் இன்டர்பெரான் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1993-இல்.