அஜைல்னா என்ன? ஓசூர் ஆலைக்குக் கிடைத்த விருதும் டெமிங் என்ற மனிதரும்

ஓசூரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு தினமும் வேலைக்குப் போறவங்க காதில் அடிக்கடி விழும் சொல் 'அஜைல்'. ஒரு சாஃப்ட்வேரை ரெண்டு வருஷம் உட்கார்ந்து முழுசா எழுதிக் கொடுக்காமல், ரெண்டு வாரத்துக்கு ஒரு பகுதியாகச் செய்து, பயன்படுத்துபவரிடம் காட்டி, குறை கேட்டு, திருத்திக்கொண்டே போவதுதான் அஜைல். 2001-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 பேர் வைத்த பெயர் இது. ஆனால், இதன் வேர் ஆலைகளுக்குள் இருக்கிறது. அதைப் பரப்பியவர் ஒரு புள்ளியியல்காரர்.

யார் இந்த டெமிங்?

வில்லியம் எட்வர்ட்ஸ் டெமிங் 1900 அக்டோபர் 14-ல் அயோவா மாநிலத்தில் பிறந்தார். வயோமிங்கில் வறுமையில் வளர்ந்து, யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பெல் ஆய்வகத்தின் வால்டர் ஷூஹார்ட்டிடம் ஒரு விஷயம் கற்றார். பொருளைச் செய்து முடித்தபிறகு ரிஜெக்ட் பொறுக்குவதைவிட, செய்யும்போதே கவனித்தால் ரிஜெக்ட்டே குறையும். திட்டமிடு, கொஞ்சம் செய், பார், திருத்து, மறுபடி திட்டமிடு. இந்தச் சுழற்சிக்கு ஜப்பானியர்கள் டெமிங் பெயரையே வைத்தார்கள். அவரோ கடைசி வரை அதை ஷூஹார்ட்டின் சுழற்சி என்றே சொல்லி வந்தார்.

1950-ல் போரில் நொறுங்கிக் கிடந்த ஜப்பானுக்குப் போய் பொறியாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் பாடம் எடுத்தார். அந்தப் பாடக் குறிப்புகள் புத்தகமாக விற்றபோது வந்த பணத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதை வைத்து 1951-ல் தொடங்கியதுதான் டெமிங் பரிசு. சொந்த நாட்டில் அவரைப் பலரும் கண்டுகொண்டது 1980-ல், ஒரு டிவி நிகழ்ச்சிக்குப் பிறகு. அப்போது அவருக்கு வயசு 79!

சிவப்பு மணி விளையாட்டு

டெமிங்கின் கருத்தரங்குகளில் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு பெட்டி நிறைய மணிகள். ஐந்தில் ஒன்று சிவப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. 50 குழிகள் உள்ள ஒரு பலகையால் கண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்காமல் அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் அது பழுது. குறைவாக எடுத்தவருக்குப் பாராட்டு, அதிகம் எடுத்தவருக்குத் திட்டு. அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவரே திட்டும் வாங்குவார். பெட்டிக்குள் சிவப்பைப் போட்டது நிர்வாகம். அள்ளுகிறவர் என்ன செய்வார்?

பெரும்பாலான பழுதுக்குக் காரணம் வேலை அமைந்திருக்கும் விதம், தொழிலாளி அல்ல என்பதுதான் அவர் வாதம். அதனால் டார்கெட்டையும் வருடாந்திர மார்க்கையும் எதிர்த்தார், வேலையிடத்தில் பயம் கூடாது என்றார். இன்றைய அஜைல் இடறுவது இங்கேதான். காலையில் நின்றபடியே நடக்கும் 15 நிமிட மீட்டிங், சிக்கலைச் சொல்லி உதவி கேட்கத்தான். பல இடங்களில் அது வருகைப் பதிவு மாதிரி ஆகிவிட்டது. நேற்று சிக்கலைச் சொல்லித் திட்டு வாங்கியவர் இன்று வேலை முடிஞ்சுடுச்சுன்னு சொல்லிடுவார். அப்புறம் 'பார்' என்ற படியில் பார்ப்பதற்கு உண்மையே இருக்காது.

இந்த விளையாட்டை முதுமையிலும் நடத்திவந்த டெமிங், 1993 டிசம்பர் 20-ல் காலமானார். 1998-ல் டிவிஎஸ் குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவும், 2002-ல் ஓசூரின் டிவிஎஸ் மோட்டாரும் அவர் பெயரிலான பரிசைப் பெற்றன.