கட்டியவர் நம்பெருமாள் செட்டியார்

எங்கள் ஊர் மல்லசமுத்திரம். திருச்செங்கோட்டிலிருந்து சேலம் செல்லும் வழியில் உள்ளது. பருத்தியும் நிலக்கடலையும் மரவள்ளியும் விளைந்த காடுகள் சிலவற்றில் இன்று மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள் முளைத்திருக்கின்றன. அக்கற்களுள் சில என் சித்தப்பா நட்டவை. அவர் மனை வணிகர். என் அப்பா கொத்து மேஸ்திரி. தம்பி மனை பிரிப்பார். அண்ணன் வீடு கட்டுவார். ஒரே குடும்பத் தொழில்தான். விடுதியில் நண்பர்கள் என்னை ‘ரியல் எஸ்டேட்’ என்றே அழைப்பர். அந்த அழைப்பில் அன்பும் உண்டு, கேலியும் உண்டு. நிலத்தை விழுங்குகிறவன் வீட்டுப் பிள்ளை என்பது அதன் பொருள். முதலாண்டில் எனக்கு அது உறுத்தவே செய்தது.

சென்ற ஆண்டு அப்பாவும் நானும் ஒரு வேலையாகச் சென்னை சென்றிருந்தோம். உயர் நீதிமன்றத்தின் முன் அப்பா நின்றுவிட்டார். அந்தச் செங்கல் சுவரில் இரு கற்களுக்கு இடையே ஓடும் சந்தை விரலால் தடவிப் பார்த்தார். யார் கட்டியது என்று என்னைக் கேட்டார். படித்த பெருமையோடு, ஹென்றி இர்வின் என்று சொன்னேன். அந்தத் துரை கரணை பிடித்தாரா என்று திரும்பக் கேட்டார். என்னிடம் விடையில்லை. வாயிலில் நின்ற இருவரைக் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் நூலகத்தில் தேடிக் கண்ட பெயர்தான் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார்.

1856ஆம் ஆண்டு பிறந்த இவர் சென்னையின் புகழ்பெற்ற கட்டட ஒப்பந்தக்காரர். செங்கல் நிறத்தில் கோபுரமும் குவிமாடமுமாக நாம் இன்று சென்னை என்று மனத்தில் காணும் நகரின் பெரும்பகுதியை எழுப்பிய கை இவருடையது. சிஷோம் வரைந்த விக்டோரியா பொது மன்றம் 1888 முதல் 1890 வரை இவரால் கட்டப்பட்டது. 1897இல் விவேகானந்தர் சொற்பொழிவாற்றிய மன்றம் அதுவே. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், கடற்கரைச் சாலையில் இன்று பாரத ஸ்டேட் வங்கியாக விளங்கும் பழைய மதராஸ் வங்கிக் கட்டடமும், எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1909இல் முடிந்த சிவந்த கலைக்கூடமும் இவர் கட்டியவையே. உயர் நீதிமன்றத்துக்கு பிராசிங்டன் வரைபடம் தொடங்க, இர்வின் முடித்தார். வேலை 1888இல் தொடங்கி, 1892 ஜூலை 12ஆம் நாள் திறப்பு விழா நடந்தது. ஏறத்தாழ 13 இலட்சம் ரூபாய் செலவாயிற்று. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் வீசிய குண்டு அதன் சுற்றுச்சுவரில் ஒரு பகுதியைச் சிதைத்தது. கட்டடத்துக்கு ஒன்றும் நேரவில்லை.

ஒப்பந்தக்காரர் என்றால் சுளையாகப் பணம் பார்ப்பவர் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது தன் பணத்தை முதலில் மண்ணுக்குள் புதைக்கும் தொழில். அடித்தளம் தோண்டு முன்பே காப்புத்தொகை கட்ட வேண்டும். செங்கல், சுண்ணாம்பு, தேக்கு, ஆள் கூலி யாவும் கைப்பணம். வேலை ஓரளவு எழுந்த பின்தான் பொறியாளர் அளந்து புத்தகத்தில் பதிவார்; பதிந்த பின்தான் பட்டியல்; பட்டியலுக்குப் பின்தான் காசு. இடையில் சனிக்கிழமைகள் வந்துகொண்டே இருக்கும். கூலிக்காரர் வீட்டு அடுப்பு காத்திருக்காது. என் அப்பா ஒரு சிறு பள்ளிச் சுவருக்கே வட்டிக்கு வாங்கிய கதை எனக்குத் தெரியும். அந்தச் சுவரின் திறப்பு விழாக் கல்லில் பதினொரு பெயர்கள் உள்ளன. அப்பா பெயர் இல்லை. இதை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. நான்தான் எண்ணிப் பார்த்தேன். அப்படியிருக்க, அயலார் ஆட்சியில், ஒரே காலத்தில் இரண்டு மூன்று மாளிகைகளைத் தோளில் சுமந்து, துரைமார் அளவுகோலுக்குத் தப்பாமல் முடித்துக் கொடுத்த ஒருவரின் நெஞ்சுரம் எத்தகையது!

சம்பாதித்ததை என்ன செய்தார்? வீடுகளாகவும் நிலமாகவும் ஆக்கினார். சேத்துப்பட்டில் அவர் குடும்பத்துக்குப் பரந்த நிலம் இருந்தது. செட்டிப்பேட்டையே சேத்துப்பட்டு ஆயிற்று என்று கூறுவாரும் உளர்; ஊர்ப்பெயர் ஆய்வாளர் அதைத் தீர்த்துக்கொள்ளட்டும். சென்னையில் மோட்டார் கார் வைத்திருந்த முதல் இந்தியர் இவரே என்பர். திவான் பகதூர் பட்டமும் பெற்றார். சென்னையில் அவருக்கு 99 வீடுகள் இருந்தன என்றும், நூறு நிறைந்தால் ஆகாது என்று நூறாவதை வாங்க மறுத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. என் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் 101ஆகச் சேர்த்து வாங்கியிருக்கலாமே என்றார். தொழில் புத்தி!

கதை எப்படியிருப்பினும், அத்தனை வீடுகளுள் இன்று உலகம் பேசுவது ஒன்றைத்தான். அந்த ஒன்றும் வாடகைக் கணக்கால் பெயர் பெற்றதன்று.

1919ஆம் ஆண்டு கணித மேதை இராமானுசன் நோயுடன் இங்கிலாந்திலிருந்து திரும்பினார். அவர் பிறந்தது நம் பக்கத்து ஈரோட்டில். அவ்வாண்டுக் கோடையில் காற்று மாற்றத்துக்காகத் தங்கியது நம் காவிரிக் கரைக் கொடுமுடியில். பின் கும்பகோணம், 1920 சனவரியில் மருத்துவத்துக்காகச் சென்னை. சேத்துப்பட்டில் செட்டியாருக்கு உரிய ‘கிரைநன்ட்’ என்ற வீட்டில் அவர் தங்கினார். அப்பெயரின் முதற்பகுதி ஆங்கிலத்தில் அழுகையைக் குறிப்பதால் அது அவருக்கு உவப்பாக இல்லையாம். எனவே ‘கோமெத்ரா’ என்ற மற்றொரு வீட்டுக்கு மாற்றப்பட்டார். நூறுக்கு அஞ்சியதாகச் சொல்லப்படும் வீட்டுக்காரர், ஒரு சொல்லுக்கு அஞ்சிய விருந்தாளி! எண்களை எல்லாம் அறிந்தவருக்கும் இப்படி ஓர் அச்சம் இருந்ததை எண்ணும்போது எனக்கு அவர்மேல் அன்பு கூடுகிறது.

காச நோய் என்று கருதப்பட்ட அந்நோயாளிக்கு வீடு கொடுக்க எத்தனை பேர் முன்வருவர்? இன்றும் கூட வாடகைக்கு விடுவோர் முதலில் கேட்பது நோயையும் சாதியையும் அல்லவா? செட்டியார் வீடு கொடுத்தார். மனைவி சானகி அம்மாள் அருகிருந்து ஒத்தடம் கொடுக்க, இராமானுசன் படுக்கையிலும் சிலேட்டை விடவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அங்கேயே உயிர் பிரிந்தது, வயது 32. அந்த இறுதி ஆண்டில் அவர் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்து, 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்ணில் பட்டன. இன்றும் கணித அறிஞர் அவற்றில் உழைக்கின்றனர். நம் கணிதத் துறை நண்பர்கள் இதை என்னைவிட நன்கறிவர்.

செட்டியார் 1925இல் மறைந்தார். அவர் பிறருக்குக் கட்டிக்கொடுத்த நீதிமன்றமும் நூலகமும் வங்கியும் நிற்கின்றன.

சென்ற பொங்கல் விடுமுறையில் இவற்றையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். களத்து மேட்டில் தூக்குக்குண்டின் நூலை மாற்றிக்கொண்டே கேட்டார். 99 வீடுகளைப் பற்றியோ மோட்டாரைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய நீதிமன்றத்துக்கு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று மட்டும் கேட்டார். நான்கே ஆண்டுகள் என்றேன். நூலைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கேட்டார்.