சோபாண்டு எனப்பட்ட பேராயர்

சமயம் பரப்பச் சென்றோரின் வரலாற்றில், கற்பிக்கச் சென்ற இடத்தில் மாணாக்கராய் அமர்ந்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ஜான் வில்லியம் கொலென்சோ. 1814 ஜனவரி 24 அன்று இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தார். சுரங்கத் தொழிலில் நொடித்துப்போன குடும்பம். வறுமையோடு போராடிக் கேம்பிரிட்ஜில் பயின்று, 1836இல் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். பள்ளிகளுக்கென அவர் எழுதிய எண்கணித நூல் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அந்தக் கணக்கறிவே பின்னாளில் அவரைப் பெரும் வழக்கில் கொண்டு நிறுத்தியது.

1853இல் தென்னாப்பிரிக்க நேட்டால் பகுதியின் முதல் ஆங்கிலிக்கன் பேராயராக அமர்த்தப்பட்டார். மறு ஆண்டு பத்து வாரம் அந்நாட்டைச் சுற்றி வந்தபோது, படைத்தவனை நீங்கள் எப்பெயரால் அழைக்கிறீர்கள் என்று சென்ற இடமெல்லாம் கேட்டார். அதற்கு முன் அங்கே பணியாற்றிய சமயப் பணியாளர்கள் உதிக்ஸோ என்னும் சொல்லை வழங்கிவந்தனர். அது கொய்கொய் மக்களிடமிருந்து ஹோசா மொழி வழியே வந்த சொல். ஜூலு மக்களின் நாவுக்கு அயலானது. கொலென்சோ கண்டெடுத்தவை உன்குலுன்குலு, உம்வெலின்கங்கி என்னும் இரு சொற்கள். முன்னது பெரியோருக்கெல்லாம் பெரியோன் எனவும், பின்னது முதலில் தோன்றியவன் எனவும் பொருள்படும். இறையுணர்வு இம்மக்களிடம் முன்னரே உண்டு, அதைக் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை என்று அவர் முடிவு கட்டினார்.

அவருக்குக் கீழ் நேட்டாலில் பணியாற்றிய ஹென்றி காலவே இதை ஏற்கவில்லை. முதியோர் பலரின் வாய்மொழியைத் திரட்டி, உன்குலுன்குலு என்பது நாணற் புதரினின்று தோன்றிய முதல் மூதாதையையே குறிக்கும் என்று எழுதினார். காலவே பக்கமும் நியாயம் உண்டு. தெய்வத்தையும் மூதாதையையும் கோடு கிழித்துப் பிரிப்பது ஐரோப்பியரின் தேவையே அன்றி ஜூலு மக்களின் தேவையன்று. ஆயினும் வழக்கில் வென்றது கொலென்சோவின் சொல். இன்றும் ஜூலு கிறித்தவர்கள் அச்சொல்லாலேயே வழிபடுகின்றனர்.

1855இல் குடும்பத்தோடு வந்து குடியேறியபோது, வில்ஹெல்ம் பிளீக் என்னும் ஜெர்மானிய மொழியறிஞரும் உடன் வந்தார். மக்கள் எனப் பொருள்படும் பாண்டு என்ற சொல்லை ஒரு மொழிக் குடும்பத்தின் பெயராக நிலைபெறச் செய்தவர் அவரே. அதே சொல்லைக் கொண்டு ஜூலு மக்கள் கொலென்சோவைச் சோபாண்டு என்றனர். மக்களின் தந்தை என்பது பொருள். ஒளியின் இடம் எனப் பொருள்படும் எகுகன்யேனி என்று தம் பணித்தளத்துக்குப் பெயரிட்டு, பள்ளியும் அச்சகமும் அமைத்தார். 1861இல் அவருடைய ஜூலு–ஆங்கில அகராதி வெளிவந்தது. பல மனைவியரை உடையவன் ஞானஸ்நானம் பெற, அம்மனைவியரைத் துரத்திவிட வேண்டும் என்னும் விதி கொடிது என்று வாதிட்டு, வந்த சில ஆண்டுகளிலேயே பகை தேடிக்கொண்டார்.

மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணைநின்றவர் வில்லியம் என்கிடி. நோவாவின் வெள்ளக் கதையை இருவரும் ஜூலுவில் ஆக்கிக்கொண்டிருந்தபோது, வெப்ப நாட்டு விலங்கும் குளிர்நாட்டு விலங்கும் இணையிணையாய் ஒரு பேழைக்கு எப்படி வந்தன, அத்தனைக்கும் உணவு எப்படிச் சேர்த்தார்கள், இது உண்மையில் நடந்ததா என்று என்கிடி வினவினார். நிலவியல் நூல்களைக் கற்றிருந்த பேராயர், நடந்தது என்று சொல்ல நா எழாமல் நின்றார். பின்னர் வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களையும் எடுத்துக்கொண்டு கணக்கிட அமர்ந்தார். ஆறு லட்சம் வீரரும் அவர்தம் குடும்பமும் பாலைவனத்தில் நீரும் இடமும் பெற்று வாழ்ந்தது எங்ஙனம் எனக் கூட்டிப் பெருக்கிப் பார்த்தார். 1862 முதல் அவ்வாராய்ச்சி பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது.

இங்கிலாந்துப் பேராயர்களில் பெரும்பாலோர் அவரைப் பதவி விலகச் சொன்னார்கள். ஒரு ஜூலுவை மதம் மாற்றச் சென்றவரை அந்த ஜூலு மாற்றிவிட்டான் என்று ஏளனமும் செய்தார்கள். கேப்டவுன் பேராயர் ராபர்ட் கிரே 1863இல் விசாரித்துப் பதவி பறித்தார். 1865இல் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பு செல்லாது என்றது. 1866இல் கிரே அவரைச் சபையினின்றும் நீக்கினார். கொலென்சோ அசையவில்லை.

நேட்டால் அரசில் கறுப்பின மக்கள் விவகாரச் செயலராயிருந்த தியோபிலஸ் ஷெப்ஸ்டோன் அவருடைய உயிர்த்தோழர். அவருடைய ஆட்சிமுறையை நல்லதென்றே கொலென்சோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நம்பியிருந்தார். இக்குறையை மறைத்து அவர் வரலாற்றைச் சொல்லலாகாது. லுபி குலத் தலைவர் லங்கலிபலேலேயை, வழக்குரைஞர் துணைகூட மறுத்து, 1874இல் விசாரித்து நாடுகடத்தியபோதுதான் அவர் கண் திறந்தது. சாட்சிகளைத் தாமே அவர்கள் மொழியில் கேட்டறிந்தார். இங்கிலாந்து சென்று முறையிட்டார். ஆளுநர் திருப்பி அழைக்கப்பட்டார். தலைவர் ராபன் தீவினின்று கரைக்குக் கொண்டுவரப்பட்டார். தோழமையோ அத்துடன் முறிந்தது.

1879 ஜனவரி 22இல் இசண்டில்வானாவில் ஆங்கிலப் படை ஜூலு வீரர்களிடம் அழிந்தது. காலனி முழுதும் பழிக்குப் பழி கேட்டுக் கொதித்தது. அவ்வேளையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தேவாலயத்தில், மகனையும் சகோதரனையும் இழந்தோர் முன்னே, நீதியும் இரக்கமும் நம்மிடம் எங்கே இருந்தன என்று கேட்டார் அவர். வீழ்ந்த மன்னர் செட்ஷ்வாயோவைச் சிறையில் சென்று கண்டார். அவருடைய விடுதலைக்காக வாதாடினார்.

1883 ஜூன் 20 அன்று கொலென்சோ மறைந்தார். மறு ஆண்டு அவர் இல்லம் தீக்கிரையாயிற்று. மகள் ஹாரியட் தந்தையின் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தினார். எகுகன்யேனி அச்சகத்தில் சிறுவனாய் எழுத்துக் கோக்கக் கற்ற மகேமா ஃபூஸே, கறுப்பின மக்கள் எங்கிருந்து வந்தனர் என்பதைத் தம் ஜூலு மொழியிலேயே எழுதினார். அந்நூல் 1922இல் வெளிவந்தது.