மெல்போர்னில் ஹாட்ரிக் அடித்த பம்பாய் வீரர் நெவில் டிசோசா

மும்பை: ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் நெவில் டிசோசா. பம்பாய் அணிகளுக்காக ஆடிய இவரது பெயர், இந்தியக் கால்பந்தின் பெருமை பேசப்படும்போது கூட அரிதாகவே நினைவுகூரப்படுகிறது.

1932 அக்டோபர் 3 அன்று கோவாவின் அசகாவ் கிராமத்தில் பிறந்த டிசோசா, பம்பாயில் டாடா விளையாட்டுக் கழகத்தின் முன்கள வீரராகப் பெயர் பெற்றார்.

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கிற்கு சையத் அப்துல் ரஹீமின் பயிற்சியில் இந்திய அணி சென்றபோது, அதனிடம் எவரும் அதிகம் எதிர்பார்க்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோற்ற அணி அல்லவா? முதல் சுற்றில் ஹங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா நேராகக் காலிறுதிக்குச் சென்றது.

டிசம்பர் 1 அன்று எதிரணி, போட்டியை நடத்திய ஆஸ்திரேலியா. மெல்போர்னோ, கையாலும் பந்தைப் பிடித்து ஆடும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தையே உயிராக நேசிக்கும் நகரம். ஒன்பதாவது நிமிடத்தில் டிசோசா முதல் கோலை அடித்தார். ஆஸ்திரேலியாவின் புரூஸ் மாரோ சமன் செய்தார். 33ஆவது நிமிடத்தில் டிசோசா மீண்டும் முன்னிலை தந்தார். மாரோ மீண்டும் சமன் செய்தார். இடைவேளைக்குப் பின், 50ஆவது நிமிடத்தில் டிசோசா அடித்த மூன்றாவது கோலுக்கு ஆஸ்திரேலியாவிடம் பதில் இல்லை. கிட்டு எனப்பட்ட கிருஷ்ணசாமியும் ஒரு கோல் சேர்க்க, இந்தியா 4-2 என வென்றது. ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதிக்கு ஆசிய அணி ஒன்று முன்னேறியது அதுவே முதன்முறை.

அரையிறுதியில் மீண்டும் அதே யூகோஸ்லாவியா. 52ஆவது நிமிடத்தில் டிசோசாவின் கோலால் இந்தியா முன்னிலை பெற்றது. பழைய கணக்கு தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை சில நிமிடங்களே நீடித்தது. யூகோஸ்லாவியா 4-1 என வென்றது. வெண்கலப் பதக்கப் போட்டியில் பல்கேரியாவிடம் 3-0 எனத் தோற்று இந்தியா நான்காமிடம் பெற்றது. நான்கு கோல்களுடன் டிசோசா, யூகோஸ்லாவியாவின் வெசெலினோவிச், பல்கேரியாவின் மிலானோவ் ஆகிய மூவரும் அந்த ஒலிம்பிக்கில் அதிக கோல் அடித்தவர்கள் என்ற சிறப்பைப் பகிர்ந்துகொண்டனர்.

1958இல் கால்டெக்ஸ் அணி ரோவர்ஸ் கோப்பையை வென்றதிலும் டிசோசாவுக்குப் பங்குண்டு. 1961இல் அர்ஜுனா விருது தொடங்கப்பட்டு, கால்பந்தில் முதலாவதாக மெல்போர்ன் அணியின் இளம் வீரர் பி.கே. பானர்ஜிக்கு வழங்கப்பட்டது. அதே அணிக்காக நான்கு கோல் அடித்தவருக்கு அவ்விருது கடைசிவரை கிடைக்கவில்லை. 1980 மார்ச் 17 அன்று, 47ஆவது வயதில் அவர் காலமானார்.