வயலட் ஆல்வா அம்மையார்

இல்லறமும் பொதுப்பணியும் பெண்ணுக்கு ஒத்துவராது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் வயலட் ஆல்வா அம்மையார்.

1908இல் அகமதாபாத்தில் கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் மகளாய்ப் பிறந்த இவர், இளமையிலேயே பெற்றோரை இழந்தார். உடன்பிறந்தோர் ஆதரிக்க, பம்பாயில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1937இல் மங்களூர்க் கத்தோலிக்கரும் காங்கிரஸ்காரருமான ஜோக்கிம் ஆல்வாவை மணந்தார். 1943இல் கைக்குழந்தையோடு சிறை சென்றார். மறு ஆண்டே, உயர்நீதிமன்ற முழு அமர்வின் முன் வாதாடிய இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர் எனும் பெருமை பெற்றார்.

நம் புதுவை இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1952ஆம் ஆண்டில், கணவர் மக்களவைக்கும் மனைவி மாநிலங்களவைக்கும் சென்றனர். 1957இல் அம்மையார் உள்துறைத் துணை அமைச்சரானார். 1962இல் மாநிலங்களவைத் துணைத் தலைவரான முதல் பெண்மணியும் ஆனார். 1969 நவம்பர் 20 அன்று இறைவனடி சேர்ந்தார்.

2008இல் அரசு வெளியிட்ட அஞ்சல்தலையில் கணவனும் மனைவியும் சேர்ந்தே காட்சி தருகின்றனர். ஒருவர் நிழலில் மற்றவர் மறையாத இல்லறம் அது. ஆதரவற்ற அச்சிறுமியைப் படிக்க வைத்த உடன்பிறந்தோரையும் நாம் நன்றியோடு நினைப்போம்; நம் பெண்மக்களின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதிருப்போம்.