ஹைதராபாத்தை மூழ்கடித்த மூசி... விஸ்வேஸ்வரய்யா போட்ட பிளான்!

செப்டம்பர் 15 வந்தால் போதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் மைசூர் தலைப்பாகையோடு ஒரு பெரியவரின் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். இன்ஜினீயர்ஸ் டே! கிருஷ்ணராஜ சாகர் அணை கட்டியவர், பாரத ரத்னா வாங்கியவர் என்று ஸ்கூலில் படித்திருப்போம். ஆனா, அந்த அணைக்கு முன்னாடியே சர் எம்.விஸ்வேஸ்வரய்யா ஹைதராபாத்தில் பார்த்த ஒரு வேலை நிறைய பேருக்குத் தெரியாது.

1908 செப்டம்பர் 28. கொட்டித் தீர்த்த மழையில் மூசி ஆறு பொங்கி ஹைதராபாத்துக்குள் புகுந்தது. பாலங்கள் உடைந்தன, ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அஃப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் ஏறிய சுமார் 150 பேர் தப்பித்தார்கள். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் அந்த மரம் இன்னமும் நிற்கிறது.

அப்போ விஸ்வேஸ்வரய்யாவுக்கு வயது 47. கர்நாடகாவின் முத்தேனஹள்ளியில் 1861-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்து, பெங்களூரில் டியூஷன் எடுத்துக்கொண்டே டிகிரி முடித்தார். புனேவில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். புனே பக்கத்தில் கடக்வாஸ்லா அணையில், தண்ணீர் ஒரு மட்டத்தைத் தாண்டினால் தானாகவே திறந்துகொள்ளும் கதவுகளை 1903-ல் பொருத்தியவர் இவர்தான். கடல் தாண்டி ஏடனுக்கும் போய் குடிநீர், கழிவுநீருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். இவ்வளவு செய்தும், அந்தக் காலத்தில் ஓர் இந்தியர் தலைமை இன்ஜினீயர் நாற்காலியில் உட்கார முடியாது. வேலையை விட்டுவிட்டு வெளிநாடு சுற்றக் கிளம்பிவிட்டார்.

ஐரோப்பாவில் இருந்தபோதுதான் நிஜாம் அரசின் அழைப்பு வந்தது. உடனே ஓடிவரவில்லை மனுஷர். டூரை முடித்துவிட்டு, 1909 ஏப்ரலில்தான் ஹைதராபாத் வந்தார்.

வந்தவர் ஊருக்குள் மட்டும் பார்க்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஆற்றின் மேல்பக்கத்தை ஆராய்ந்தார். மூசிக்குத் தண்ணீர் தரும் பகுதியில் சிறிதும் பெரிதுமாக 788 ஏரி, குளங்கள். அந்த மழையில் 221 உடைந்திருந்தன. ஒரு ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் அடுத்த ஏரிக்குப் போகும், அதுவும் தாங்காமல் உடையும். இப்படிச் சேர்ந்து வந்த வெள்ளம்தான் ஊரை அடித்தது. கரையில் சுவர் எழுப்பினால் மட்டும் போதாது, ஊருக்கு மேலேயே வெள்ளத்தைப் பிடித்து வைக்கணும் என்பது அவர் கண்டுபிடித்த வழி. மூசியில் ஒன்று, அதில் வந்து சேரும் ஈசி ஆற்றில் ஒன்று என இரண்டு நீர்த்தேக்கங்களைத் திட்டமிட்டார்.

அதோடு விடவில்லை. ஊரின் சாக்கடைக்கும் வழி செய்யணும், ஆற்றங்கரையில் பூங்கா வரணும் என்று எல்லாவற்றையும் சேர்த்தே யோசித்தார். ரோடு போட்ட மறுவாரமே குழாய்க்காகத் தோண்டும் ஊர்களில் வாழும் நமக்கு இதைப் படித்தால் பெருமூச்சுதான் வரும்!

1909 அக்டோபரில் அறிக்கையைக் கொடுத்தார். அடுத்த மாதமே மைசூர் சமஸ்தானம் கூப்பிட, தலைமை இன்ஜினீயராகப் போய்விட்டார். உஸ்மான் சாகர் 1920-லும் ஹிமாயத் சாகர் 1927-லும் முடிந்தன. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியவை, ஊருக்குக் குடிநீரும் கொடுத்தன. கழிவுநீர்த் திட்ட வேலைக்காகப் பிற்பாடு அவரே திரும்பவும் ஹைதராபாத் வந்தார். 1962-ல், 100 வயதைக் கடந்த பிறகு காலமானார்.

ஹைதராபாத் வளர்ந்துகொண்டே போய், அந்த ஏரிகளையே எட்டிவிட்டது. இரண்டையும் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பெரிய கட்டுமானங்கள் கூடாது என்று 1996-ல் ஓர் அரசாணை போட்டார்கள். சுற்றிலும் நிலத்தின் விலை ஏற ஏற, தடையை நீக்கச் சொல்லும் குரலும் ஏறியது. 2022-ல் தெலங்கானா அரசு அந்தக் கட்டுப்பாடுகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. எதிர்ப்பும் கிளம்பியது.

பெருமழை நாள்களில், அந்த இரண்டு ஏரிகளின் மதகுகளை எப்போ திறப்பாங்களோ என்று மூசிக் கரையில் இருப்பவர்கள் இப்பவும் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.